மீரா சாகிப் இழந்த பத்துக் கிலோ

கல்லணைக்குப் பிறகு காவிரி டெல்டாவில் பெருக்கைத் தடுப்பதற்காக எடுக்கப்பட்ட மாபெரும் முயற்சி, பட்டுக்கோட்டையிலிருந்து கடற்கரைக்குப் போகிற சாலையில், ஓர் உரக்கடையின் மாடியில் நடந்தது. கரிகாலன் தடுத்தது ஆற்றின் பெருக்கை. ஃபாஜில் தடுக்க முனைந்தது வயிற்றின் பெருக்கை. இரண்டில் எது கடினமான வேலை என்பதைக் கற்றறிந்தவர்கள் தீர்மானிக்கட்டும். நமக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஆறு என்றால் கோடையில் வற்றும். வயிறு வற்றி இந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை.

ஃபாஜில் ஒரு 'பெர்சனல் ட்ரெயினர்'. வயது முப்பத்திரண்டு, எடை எழுபத்தொன்று, உடம்பில் கொழுப்பு பதினோரு சதவீதம். பெயர் என்ன என்று கேட்டவர்களிடம்கூட இந்த மூன்று எண்களையும் சொல்லிவிட்டுத்தான் பெயரைச் சொல்வார். இருபது வயதில் ஷார்ஜாவில் ஒரு பலசரக்குக் கடைக்கு வேலைக்குப் போனவர். கடைக்கு மேலே இருந்த ஜிம்மில் முதலில் தரை துடைத்தார், பிறகு கண்ணாடி துடைத்தார், துடைத்த கண்ணாடியில் தன்னையே பார்த்துப் பார்த்து ஒருநாள் ஞானம் பெற்றார். ஆறு வாரம் படித்து ஒரு சான்றிதழும் பெற்றார். கடல் கடந்து பிழைக்கப் போன சபுராளிகள் ஊர் திரும்பும்போது கம்பளியும் செண்டும் கொண்டுவருவது வழக்கம். ஃபாஜில் ஒரு கொள்கையைக் கொண்டுவந்தார். சோறுதான் மனிதனின் சத்துரு என்பது அந்தக் கொள்கை.

வேதாரண்யத்தில் நின்றுகொண்டு உப்பைத் திட்டுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டுமோ, அதைவிட ஒரு மரக்கால் கூடுதலாக வேண்டும் தஞ்சாவூர்ச் சீமையில் நின்று சோற்றைத் திட்டுவதற்கு. ஃபாஜிலுக்கு அது இருந்தது. 'ஃபாஜில் ஃபிட்னஸ் பாயின்ட்' என்று பலகை மாட்டி, மாடிப்படியில் புரோட்டீன் மாவு டப்பாக்களை அடுக்கினார். கீழே யூரியா மூட்டை, மேலே புரோட்டீன் டப்பா. ஆகவே முதல் வாரத்தில் மாடியேறி வந்தவர்களில் பாதிப் பேர் விவசாயிகள்.

"தம்பி, இது நாத்தங்காலுக்கா, தூர் கட்டுறப்ப போடுறதா?" என்று டப்பாவைக் கையில் எடுத்துக் கேட்டார் பஞ்சநதம் என்ற விவசாயி.

"ஐயா, இது மனுஷனுக்குங்க."

"மனுஷனுக்கா? எவ்வளவு போடணும்?"

"ஒரு நாளைக்கு ரெண்டு ஸ்பூன்."

"ரெண்டு ஸ்பூன்ல என்னத்தத் தம்பி விளையும்?"

"மசில் விளையுங்க."

பஞ்சநதம் அங்கே வியர்த்துக்கொண்டிருந்த நாலு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். "இன்னும் தூர் கட்டலையே," என்று கவலைப்பட்டுவிட்டு, கீழே போய் ஒரு மூட்டை பொட்டாஷ் வாங்கிக்கொண்டு போனார்.

பெரியவர்கள் அவமானத்திலிருந்தும் பாடம் கற்பார்கள். மண்ணின் மொழியில் பேசாவிட்டால் இங்கே மனிதனை இளைக்கவைக்க முடியாது என்று ஃபாஜில் புரிந்துகொண்டார். மறுநாளே நெல் பருவங்களின் பெயரில் புது அறிவிப்பு வந்தது. நூறு நாள் பயிற்சிக்கு 'குறுவை பேக்கேஜ்'. நூற்றைம்பது நாளுக்கு 'சம்பா பேக்கேஜ்'. இரண்டிலும் இளைக்காமல் மறுபடியும் வந்து சேருகிறவர்களுக்கு 'தாளடி'. தாளடியில்தான் கூட்டம் அதிகம்.

வீட்டிலும் ஃபாஜிலின் ஒழுக்கம் கடுமையானது. காலையில் ஆறு முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் உண்பார். மஞ்சள் கருவைத் தொடமாட்டார், அது கொழுப்பு. இறைவன் கொடுத்த பொருளை வீணாக்கக் கூடாது என்று அந்த ஆறு மஞ்சள் கருவையும் அவர் உம்மா ஹபீபுன்னிசா தின்றுவந்தார். இரண்டு வருடத்தில் மகனுக்கு வயிற்றில் ஆறு கட்டு விழுந்தது. உம்மாவுக்கு டாக்டர் மூன்று மாத்திரை எழுதினார். ஒரே குடும்பத்தில் இத்தனை முன்னேற்றம்.

உம்மாவின் மாத்திரைகளை வாங்கப் போன இடத்தில்தான் ஃபாஜில் ஜஸீலாவைப் பார்த்தார். பி.ஃபார்ம் படித்தவள், கடைத்தெருவில் சொந்தமாக மருந்துக்கடை வைத்திருந்தாள். மாத்திரைச் சீட்டைப் பார்த்தாள். எதிரே நிற்கும் கட்டுமஸ்தான உடம்பைப் பார்த்தாள்.

"உங்க உம்மாவுக்கு ஏன் இவ்வளவு கொலஸ்ட்ரால்?"

"நான் ரொம்ப ஹெல்தியா இருக்கேங்க," என்றார் ஃபாஜில், கேள்வியைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல்.

ஜஸீலா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் எத்தனை கலோரி என்று ஃபாஜிலால் கணக்கிட முடியவில்லை. அன்று முதல் தலைவலித் தைலம், வலிக்கு அடிக்கும் ஸ்பிரே, பஞ்சு என்று வாரத்துக்கு நாலு தடவை அந்தக் கடைக்கு ஏதாவது வாங்கப் போனார். ஆறு மாதம் கழித்து, ஹபீபுன்னிசா முறைப்படி பெண் கேட்டுப் போனார்.

ஜஸீலாவின் வாப்பா மீரா சாகிப் தேங்காய் மண்டி முதலாளி. ஜமாஅத்தில் முக்கியமானவர். கை நீட்டினால் காரியம் நடக்கும், சட்டென்று நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி பேசும். பையனை மண்டிக்கு வரச் சொன்னார்.

"என்ன தொழில் பண்றீங்க தம்பி?"

"பெர்சனல் ட்ரெயினர் மாமா." ஊரில் பெரியவர்களை எல்லாரும் மாமா என்பதுதான். ஆனால் ஃபாஜிலின் 'மாமா'வில் ஒரு முன்பதிவு இருந்தது.

"ட்ரெயினா? எந்த லைனு? திருவாரூரா, காரைக்குடியா?"

"அந்த ட்ரெயின் இல்ல மாமா. ஆளுக்கு ஒருத்தரா, தனித்தனியா..."

"நம்ம ஊருக்கே அத்தி பூத்த மாதிரிதான் ட்ரெயின் வருது. இதுல ஆளுக்கு ஒண்ணு விடுறீங்களா?"

பக்கத்தில் இருந்த லியாகத் அலி தலையிட்டு விளக்கினார். அவர் மீரா சாகிப்பின் பால்ய சிநேகிதர், வருவாய்த்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "ட்ரெயின் இல்ல மச்சான். உடம்பை இளைக்கவைக்கிற வேலை."

மீரா சாகிப் தன் வயிற்றைத் தடவிக்கொண்டார். போன வாரம்தான் டாக்டர் அவருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, பத்துக் கிலோவாவது குறைக்காவிட்டால் ஊசிதான் என்று சொல்லியிருந்தார். ஊசி என்றால் மீரா சாகிப் குழந்தை.

"சரி தம்பி. என்னை நூறு நாள்ல பத்துக் கிலோ இறக்கிக் காட்டுங்க. இறக்கிட்டா நிக்காஹ். இறக்கலைன்னா, பொண்ணு பேச்சை மறந்துட்டு நீங்க உங்க ட்ரெயினைப் பார்த்துக்கிட்டுப் போயிடணும்."

உள்ளே தட்டிக்குப் பின்னால் ஜஸீலாவின் வளையல் சத்தம் கேட்டது. ஃபாஜில் உடனே எழுந்து கை குலுக்கினார்.

எடை போடுவதற்கு ஃபாஜில் ஒரு கண்ணாடித் தராசு கொண்டுவந்திருந்தார். மீரா சாகிப் அதை நம்பவில்லை. மூட்டை நிறுக்கும் மண்டித் தராசில் ஏறி நின்றார். எடை பார்க்கும் மூஸா முள்ளைப் பார்த்துச் சொன்னான்: "நூத்திப் பன்னெண்டு." பிறகு வழக்கப்படி, "கழிவு எவ்வளவு?" என்றான்.

"கழிவெல்லாம் காலையிலேயே முடிச்சுட்டு வந்திருப்பாங்க," என்றார் ஃபாஜில்.

மண்டியே சிரித்தது. சரக்கு நிறுத்தால் சாக்குக்கும் ஈரத்துக்கும் எடையில் கொஞ்சம் தள்ளுவதற்குத்தான் மண்டியில் கழிவு என்று பெயர். கைலி, சட்டை, இடுப்பு பெல்ட், மோதிரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து நாலு கிலோ கழிக்கச் சொன்னார் மீரா சாகிப். ஃபாஜில் பிடிவாதமாக மறுத்துவிட்டார். உடம்புக்குக் கழிவு கிடையாது என்றார். எடுத்துக்காட்டாகத் தானும் ஏறி நின்றார். எழுபத்தொன்று. மூஸா இரண்டையும் தராசுக்குப் பின்னால் சுவரில் சாக்கட்டியால் எழுதிவைத்தான்.

குறுவை தொடங்கியது.

முதல் நாள் ஃபாஜில் திட்டத்தை விளக்கினார். காலை ஓட்ஸ், மதியம் கோழி நெஞ்சுக்கறி இரண்டு துண்டு, இரவு வெள்ளரிக்காய். சோறு கிடையாது. "வாரத்துல ஒரு நாள் மட்டும் சீட் டே மாமா. அன்னிக்கு ஏமாத்தலாம்."

"வாரத்துக்கு ஒரு நாள்தானா?" என்றார் மீரா சாகிப். "நான் மண்டி வெச்சிருக்கேன் தம்பி. ஒரு நாள் எப்படிப் பத்தும்?"

மீரா சாகிப் நாணயஸ்தர். ஓட்ஸ் குடித்தார். வெள்ளரிக்காய் தின்றார். மண்டிக்குள்ளேயே தேங்காய்க் குவியலைச் சுற்றி முப்பது சுற்று நடந்தார். பதினைந்தாம் நாள் தராசில் ஏறினார். நூற்றுப் பதினாலு.

ஃபாஜிலுக்கு உலகம் இருண்டது. சான்றிதழ் கொடுத்தவர்கள் சொல்லித்தராத விளைவு இது. "மாமா, உண்மையைச் சொல்லுங்க. வேற என்ன சாப்பிட்டீங்க?"

"சத்தியமா வீட்டுல ஒண்ணும் சாப்பிடல."

"வெளியில?"

"வெளியில விருந்துதானே தம்பி, அதையெல்லாமா சேர்ப்பீங்க?"

பதினைந்து நாளில் நாலு விருந்து. ஒரு கல்யாணம், மாப்பிள்ளை வீட்டார் தரும் ஒரு வலிமா, ஒரு புதுவீடு, சவூதிக்குப் போகிற ஒருத்தருக்கு வழியனுப்பு. மீரா சாகிப் போகாத விருந்து ஊரில் விருந்தே இல்லை. போகாவிட்டால் மனக்கசப்பு. போய்ச் சாப்பிடாவிட்டால் பகை. இதற்கு மேல் சஹன் வேறு இருந்தது.

சஹன் தெரியாதவர்களுக்கு: அது வண்டிச் சக்கரத்தில் பாதி அகலமுள்ள ஒரு பெரிய தட்டு. நடுவில் நெய்ச்சோறு மலையாக இருக்கும், அதைச் சுற்றி கறி, தாளிச்சா, பச்சடி, இனிப்பு. ஒரு சஹனுக்கு நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, பிஸ்மி சொல்லி, அவரவர் பக்கத்திலிருந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். பணக்காரனும் கூலிக்காரனும் ஒரே தட்டில் கை வைக்கிற அழகான வழக்கம். உடல் எடை என்கிற ஒரே ஒரு விஷயத்தைத் தவிர, மற்ற எல்லா விதத்திலும் மனிதகுலத்துக்கு நன்மையானது.

ஆபத்தை நேரில் சந்திப்பது என்று ஃபாஜில் முடிவெடுத்தார். அடுத்த விருந்துக்கு அவரும் போய், மீரா சாகிப்பின் சஹனிலேயே உட்கார்ந்தார். மற்ற இருவர் லியாகத் அலியும் மூஸாவும்.

முதல் காரியமாக, ஃபாஜில் ஆள்காட்டி விரலால் சோற்று மலையின் ஓரத்தில் ஒரு கோடு கிழித்தார். "மாமா, இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் உங்களுது. நூத்தம்பது கிராம்."

லியாகத் அலி கையை அப்படியே நிறுத்தினார். முப்பது வருடம் நிலம் அளந்த கண்கள் அந்தக் கோட்டைப் பார்த்தன. "என் சர்வீஸ்ல எத்தனையோ வரப்புத் தகராறு பார்த்திருக்கேன். சஹன்ல வரப்பு கட்டுன முதல் ஆள் நீதான் தம்பி. பட்டா வேணுமா, சிட்டா வேணுமா? இல்ல, ஜமாபந்தியில வந்து மனு கொடுக்குறியா?"

வரப்பை உடனே அழித்துவிட்டு, லியாகத் அலி பெரிய கறித்துண்டு ஒன்றை மீரா சாகிப் பக்கம் தள்ளினார். நல்ல துண்டைப் பக்கத்து ஆளுக்குத் தள்ளிவிடுவது சஹனின் மரியாதை. மீரா சாகிப் பதில் மரியாதையாக ஒரு ஈரல் துண்டை லியாகத் பக்கம் தள்ளினார். லியாகத் மரியாதை குறையாமல் அதை மறுபடியும் இவர் பக்கமே தள்ளினார். ஃபாஜில் மனக்கணக்கு போட்டார். மரியாதை மட்டுமே தொள்ளாயிரம் கலோரி.

பாதியில் நிறுத்துவோம் என்று ஃபாஜில் கையை எடுத்தார். வரிசை முழுதும் திரும்பிப் பார்த்தது. மற்றவர்கள் சாப்பிடும்போது ஒருத்தர் கையெடுத்தால் சமையலில் குறை என்று அர்த்தம். விருந்துக்காரர் பதறி ஓடிவந்தார். "என்ன தம்பி, உப்புக் கம்மியா? நெய் பத்தலையா?" என்று கேட்டு, சமாதானத்துக்கு இன்னொரு வாளிச் சோற்றைக் கொட்டிவிட்டுப் போனார்.

அந்தக் கணத்தில்தான் ஃபாஜிலுக்கு உண்மை விளங்கியது. சஹனை விட்டு எழ ஒரே வழி சோறு தீர்வது. சோறு தீர ஒரே வழி யாராவது தின்பது. லியாகத்துக்கு வயிறு சின்னது, மூஸா மெதுவாகச் சாப்பிடுகிறவன். அப்படியானால் மீரா சாகிப்பின் பங்கையும் தின்று அவரைக் காப்பாற்றக்கூடிய மனிதர் அந்தச் சஹனில் ஒருவர்தான்.

ஃபாஜில் மறுபடியும் கையை வைத்தார். பதினோரு வருடத்துக்குப் பிறகு நெய்ச்சோறு அவர் நாக்கில் பட்டது. கண்ணில் நீர் வந்துவிட்டது. தனக்காகக் கொள்கையை விடுகிறாரே என்று மீரா சாகிப்பின் கண்ணும் கலங்கியது.

வீட்டுக்குப் போய், செல்போனில் இருந்த கலோரிக் கணக்குச் செயலியைத் திறந்தார். அதில் சஹனுக்கு இடமில்லை. 'கப்', 'பிளேட்' என்றுதான் கேட்டது. ஃபாஜில் பொய் சொல்லாதவர். சஹனும் பிளேட்தானே என்று 'ஒரு பிளேட்' போட்டார். "அருமை! இன்றைய அளவுக்குள் இருக்கிறீர்கள்" என்று செயலி வாழ்த்தியது. அறிவியலே அனுமதித்த பிறகு தயங்குவதற்கு என்ன இருக்கிறது?

அதற்குப் பிறகு நடந்ததை மருத்துவ வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கலாம். ஃபாஜில் ஒரு விருந்தையும் விடவில்லை. மீரா சாகிப் கை நீட்டுவதற்கு முன்னால் கறி காணாமல் போனது. அவர் பக்கத்துச் சோற்றுச் சரிவில் அரிப்பு ஏற்பட்டு, ஃபாஜில் பக்கம் கரைந்தது. மீரா சாகிப் மரியாதைக்குக் கையை வைத்தபடியே சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். முப்பதாம் நாள் நூற்றுப் பத்து. ஐம்பதாம் நாள் நூற்றேழு.

பயிற்சியாளரின் உடம்பிலும் சில மாற்றங்கள் தெரிந்தன. சாமானியர்களுக்கு வந்தால் அதற்குத் தொப்பை என்று பெயர். பயிற்சியாளருக்கு வந்தால் 'பல்க்கிங்'. ஜிம்மில் இருந்த நாலு பேருக்கும் இதை விளக்கினார். மதியம் விருந்து முடிந்தால் ஐந்து மணி வரை 'தசைகளுக்கு ஓய்வு'. தாளடிக்காரர்கள் தாங்களே வந்து, தாங்களே தூக்கி, தாங்களே இறக்கிவிட்டு, ஓரமாகத் தூங்குகிறவரை எழுப்பாமல் போனார்கள்.

செய்தி பரவியது. மற்ற பெரிய மனிதர்களும் ஆள் அனுப்பினார்கள். "வர்ற ஞாயித்துக்கிழமை வலிமாவுக்கு எங்க சஹனுக்கு ட்ரெயினர் தம்பி வேணும்." ஊர் அகராதியில் அந்தச் சொல்லுக்குப் புதுப் பொருள் வந்துவிட்டது. பெர்சனல் ட்ரெயினர் என்றால் நமக்குப் பதிலாகச் சாப்பிடுகிறவர்.

ஜஸீலா மட்டும் வாழ்த்தவில்லை. எழுபதாம் நாள் ஃபாஜில் அவள் கடைக்கு வந்து ஓமத் திரவம் கேட்டார்.

"இந்த வாரத்துல இது மூணாவது பாட்டில். யாருக்கு?"

"கிளையன்ட்டுக்குங்க."

"வாப்பாவுக்கு அஜீரணமே இல்லையே. ராத்திரி நிம்மதியாத் தூங்குறாங்க." அவள் பாட்டிலை எடுத்துவைத்தாள். அவருடைய பனியனைப் பார்த்தாள். நெஞ்சில் 'வலியின்றி வளர்ச்சியில்லை' என்று அச்சடித்திருந்தது. "முன்னாடியெல்லாம் இந்த எழுத்து சுருங்கிக்கிட்டு இருக்கும், கிட்ட வந்தாத்தான் படிக்க முடியும். இப்பத் தெருமுனையில வர்றப்பவே 'வளர்ச்சி' நல்லாத் தெரியுது."

ஃபாஜில் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு பாட்டிலை வாங்கினார். தெருமுனை வரைக்கும் மூச்சு விடவில்லை. இந்தப் பெண் கிடைக்காமல் போய்விடுமோ என்று அன்று அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. அந்தக் கவலையில் மறுநாள் விருந்தில் இரண்டு கவளம் அதிகமாகவே இறங்கியது.

நூறாம் நாள் காலை, மண்டியில் கூட்டம். ஜஸீலா ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு வந்திருந்தாள். சர்க்கரை இறங்கியிருந்தது, ஊசி வேண்டாம் என்று டாக்டர் எழுதிவிட்டார். ஃபாஜில் அன்றைக்குப் பனியன் போடவில்லை, முழங்கால் வரை தொளதொளவென்று தொங்கும் ஜிப்பா அணிந்திருந்தார்.

மீரா சாகிப் தராசில் ஏறினார். கழிவு கேட்கவில்லை. மூஸா முள்ளைப் பார்த்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தான்.

"நூத்தி ரெண்டு!"

மண்டி அதிர்ந்தது. லியாகத் அலி நண்பரைக் கட்டிப்பிடித்தார், பல வருடத்துக்குப் பிறகு இரண்டு கையும் முதுகுப் பக்கம் எட்டியது. ஃபாஜில் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். "இது என்னோட தனிப்பட்ட வெற்றி இல்ல. ஒழுக்கத்தோட வெற்றி. கட்டுப்பாட்டோட வெற்றி..."

"ஒரு கேள்வி," என்றாள் ஜஸீலா. "வாப்பாவோட பங்கைக் குறைக்கத்தான் நீங்க சாப்பிட்டீங்க. அப்படித்தானே?"

"ஆமாங்க. தியாகம்னு நான் சொல்லக் கூடாது."

"போன மாசம் வாப்பா காய்ச்சல்ல படுத்திருந்தாங்க. அந்த வாரம் கோட்டையூர் ரோட்டுல ஒரு வலிமா. வாப்பா போகல. நீங்க போயிருக்கீங்க. சீனித் தொவை இனிப்பை மூணு தடவை கேட்டு வாங்கினீங்களாம். அது யாரைக் காப்பாத்த?"

ஃபாஜிலுக்கு வியர்த்தது. நூறு நாளில் முதல்முறையாக வியர்த்தது. "சஹனுக்கு ஒரு ஆள் குறையுதுன்னு சொன்னாங்க..." என்று ஆரம்பித்தார். ஜஸீலா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் இல்லை அவள் முகத்தில், பதில் வேண்டும் என்று நின்றாள். பொய் சொன்னால் இவள் தெரிந்துகொள்வாள், இன்றைக்கு மட்டுமில்லை, ஆயுசுக்கும் தெரிந்துகொள்வாள் என்று ஃபாஜிலுக்கு உறைத்தது.

"முதல் சஹன் மட்டும்தான் உங்க வாப்பாவுக்கு," என்றார், தலை குனிந்தபடி. "மத்ததெல்லாம் எனக்குத்தான். பதினோரு வருஷமா எனக்குப் பசிக்குது ஜஸீலா. கண்ணாடியில பார்க்குறப்ப நல்லாத்தான் இருக்கும். சாப்பாட்டு நேரம் வந்தா அழுகையா வரும்."

சான்றிதழில் இல்லாத இந்த வாக்கியங்களைக் கேட்டு ஜஸீலாவின் முகம் மாறிவிட்டது. அவள் திரும்பி வாப்பாவைப் பார்த்தாள். ஃபாஜிலும் பார்த்தார். எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தார்.

மீரா சாகிப் தராசிலிருந்து இறங்கவில்லை. வியாபாரியின் கண்ணால் ஃபாஜிலை அளந்துகொண்டிருந்தார்.

"ஏறு," என்றார். மரியாதையெல்லாம் காற்றில் போயிருந்தது.

"மாமா?"

"நான் இறங்கல. நீயும் ஏறு."

ஜிப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஃபாஜில் ஏறினார். இரண்டு பேரும் வயிறு இடிக்க எதிரெதிரே நின்றார்கள். முள் ஆடி ஆடி நின்றது.

"எவ்வளவுடா மூஸா?"

"நூத்தி எண்பத்தி மூணுங்க."

"சுவத்துல முதல் நாள் எழுதினியே, ரெண்டையும் கூட்டு."

மூஸா விரல் விட்டுக் கூட்டினான். நூற்றுப் பன்னிரண்டும் எழுபத்தொன்றும். இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு, மென்று விழுங்கிக்கொண்டு சொன்னான். "நூத்தி எண்பத்தி மூணுதாங்க."

மீரா சாகிப் ஃபாஜிலின் வயிற்றில் கையை வைத்தார். நல்ல தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல இரண்டு தட்டு தட்டினார்.

"மூணு மாசமா ஆரோக்கியம், ஒழுக்கம், கட்டுப்பாடுன்னு என்னென்னமோ பேர் சொன்னியே தம்பி. சரக்கு ஒரு கிலோகூடக் குறையல. கை மாறியிருக்கு, அவ்வளவுதான். நாப்பது வருஷமா மண்டி நடத்துறேன், இதுக்கு எங்க தொழில்ல ஒரே ஒரு பேருதான். களவு."

மீரா சாகிப் மகளைப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் ரத்தப் பரிசோதனைச் சீட்டால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவர வேண்டும்.

"லியாகத்து, நல்ல நாளாப் பாரு," என்றார் மீரா சாகிப், ஃபாஜிலின் வயிற்றிலிருந்து கையை எடுக்காமலே. "போன சரக்கு கள்ளனோட சேர்ந்து என் வீட்டுக்கே வந்து சேரட்டும்."